சீர்க் கரும்பும் நெட்டச்சியின் கடைவாய்ப் பல்லும்

மடுல்சீமை,
கீலக வருஷம் மாசி மாதம் 2ஆம் திகதி.

அண்ணன் குற்றாலலிங்கம் அவர்களுக்கு விசாலாட்சி எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் மரியாதை. நான் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்த நாலு வருஷத்தில் நீங்கள் என் நலத்தைக் கேட்டதில்லை. நானும் உங்கள் நலத்தை அரிசி வண்டிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஆகவே அந்த வரியை விட்டுவிடுவோம்.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. எனக்கு ஓர் ஆள் வேண்டும். பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் குதிரைக்கு லாடம் கட்டுகிற இத்ரூஸ் நானாவை மடுல்சீமைக்கு அனுப்பிவையுங்கள். அவர் குதிரைக்குப் பல் பிடுங்குவதைச் சின்ன வயதில் நம் கடை மாடியில் நின்று பார்த்திருக்கிறோம். அந்தப் பெரிய குறட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் துரை போன வருஷம் சீமையிலிருந்து இரண்டு மிருகங்களைக் கப்பலில் வரவழைத்தார். பெயர் லாமாவாம். உடம்பு ஆடு, கழுத்து ஒட்டகம், முகம் ஏதோ கோபித்துக்கொண்டு போகிற மாமியார். இங்கிருந்து பசறைக்குத் தேயிலைப் பெட்டி இறக்கப் பொதி சுமக்கிற தவள மாடுகளுக்குப் பதிலாக இவற்றைப் பழக்கப் போகிறாராம். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பெட்டைக்கு நெட்டச்சி என்று பெயர் வைத்தார்கள். கிடாய் பிடிக்காதவர் முகத்தில் துப்பும். அது துப்பாண்டி.

நெட்டச்சிக்கு இப்போது கீழ்த்தாடையில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். தீனி இறங்கவில்லை. துரை ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நாட்டு மாட்டிலிருந்து ஒட்டுகிற தாடை நோய் என்கிறார். லயத்து மாடுகளும் இதுவும் ஒரே பத்தனைப் புல்வெளியில் மேய்ந்தனவாம், அதனால் வந்ததாம். வருகிற பதினாறாம் திகதி சனிக்கிழமை லயத்து மாடுகள் ஒன்பதையும் சுட்டுப் புதைக்க வேண்டும் என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். லயத்துப் பிள்ளைகள் கண்ணால் காணும் பால் அந்த ஒன்பது மாட்டின் பால்தான். கொட்டில் பார்க்கிற வேலாயிக்குச் செவலைப் பசுவை விட்டால் சொந்தமென்று சொல்ல ஒன்றுமில்லை. அவள் புருஷனையும் இழந்து, பெற்ற பிள்ளையையும் இழந்தவள்.

மாடுகளுக்கு ஒரு நோயும் இல்லை. ஒன்றின் தாடையும் வீங்கவில்லை. இது பல்லில் வந்த வினை என்று என் மனசு சொல்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் ஆள் கேட்கிறேன்.

இன்னொன்று. தைப்பொங்கலுக்கு உங்கள் அரிசி வண்டியில் பெயர் போடாத ஒரு கட்டுக் கரும்பு வந்தது. சிவப்பும் நீலமும் சேர்த்து முறுக்கிய நூலால் கட்டியிருந்தது. ஐயா காலத்திலிருந்து நம் கடையில் மட்டும் முறுக்குகிற நூலை எனக்கு அடையாளம் தெரியாதா? தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்புகிற அண்ணன் தன் பேரைச் சொல்லி அனுப்ப வேண்டும். வாசலில் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களைப்போல அனுப்பினால் அதை நான் சீராக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாட்டுப் பொங்கலன்று கொட்டிலில் நின்ற வாய்களுக்கெல்லாம் ஒடித்துப் போட்டுவிட்டேன். ஒரு துண்டுகூட என் பல்லில் படவில்லை.

இத்ரூஸ் நானாவை அனுப்புங்கள்.

விசாலாட்சி.


உ
சிவமயம்

பதுளை,
மாசி மாதம் 5ஆம் திகதி.

விசாலாட்சிக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து உன் மதினி உள்ளேயிருந்து ஓடிவந்து, மடுல்சீமையில் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். ஒரு ஆட்டுக்குப் பல்வலி என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு வருஷம் கழித்து எழுதுகிறவள் அண்ணன் இருக்கிறானா செத்தானா என்று கேட்கவில்லை. ஆள் அனுப்பு, குறடு அனுப்பு என்கிறாய். தூத்துக்குடியில் மூன்று கடை வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, மலையுச்சியில் பேர் கூப்பிடுகிற ஒரு கணக்கப்பிள்ளைக்குப் பின்னால் போனவள் நீ. இப்போது ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்த ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கிறாய். பேஷ்.

கரும்பா? நான் ஒரு கரும்பும் அனுப்பவில்லை. சிவப்பு நூலும் நீல நூலும் ஊரெல்லாம் விற்கிறது. யார் வேண்டுமானாலும் முறுக்கலாம்.

இத்ரூஸை அனுப்ப மாட்டேன். உங்கள் தோட்டத்துக்கு மாதாமாதம் அரிசி ஏற்றுகிறவன் நான். அந்த அரிசியை நம்பி என் வீடு மட்டுமல்ல, மூட்டை தூக்குகிறவன், வண்டிக்காரன் என்று நாலு வீட்டில் உலை வைக்கிறார்கள். துரை முடிவு செய்ததை மாற்ற நான் ஆள் அனுப்பினேன் என்று தெரிந்தால் என்ன ஆகும்? உன் புருஷன் வேலை என்ன ஆகும்? மிருகம் அவருடையது, தோட்டம் அவருடையது, துப்பாக்கியும் அவருடையது. மாடு போனால் இன்னொரு மாடு வரும். பேசாமல் இரு.

அந்தச் சாதியில்தான் அல்பாக்கா என்று ஒரு தங்கச்சி மிருகம் இருக்கிறதாமே. என் கடையில் வருஷக் கணக்கில் அல்பாக்காக் கோட்டுத் துணி கிழித்துக் கொடுக்கிறேன், அதற்கு ஒரு வாயும் வாய்க்குள் பல்லும் இருக்கும் என்று நினைத்ததில்லை.

குற்றாலலிங்கம்.

பின்குறிப்பு: இத்ரூஸ் கடைப்பக்கம் வந்தார், பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வீக்கம் எலும்போடு எலும்பாகக் கல்மாதிரி இருந்தால் பல்லடியில் சீழ் கட்டியிருக்கும் என்கிறார். தொண்டைப் பக்கம் கொளகொளவென்று இருந்தால் வேறு நோயாம். மென்ற புல்லை வெளியே துப்புகிறதா, வாய் நாறுகிறதா என்று பார்க்கச் சொன்னார். எனக்கென்ன, அவர் சொன்னதைச் சொல்கிறேன்.


மடுல்சீமை,
மாசி மாதம் 9ஆம் திகதி.

அண்ணன் அவர்களுக்கு,

உங்களுக்கு ஒன்றுமில்லைதான். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

வீக்கம் கல். விரலால் அழுத்தினால் எலும்பை அழுத்துகிறது போல இருக்கிறது. நெட்டச்சி ஒரு பக்கமாகத்தான் அசைபோடுகிறது. பாதி மென்ற புல் பச்சை உருண்டையாகக் கீழே விழுகிறது, கொஞ்சம் கன்னத்திலேயே அடைந்து கிடக்கிறது. கிட்டப் போனால் அழுகின வாடை மூக்கைப் பிடுங்குகிறது. பார்வைக்கு மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறது. அத்தனையும் மயிர். மயிருக்குள் கையை விட்டால் முதுகெலும்பு கோத்த பாசிமணியாய்த் தட்டுப்படுகிறது. அந்த மயிரைப் பார்த்துத்தான் நாங்களும் துரையும் இத்தனை நாள் ஏமாந்தோம்.

பங்களாவுக்கு நேரே போனேன். கணக்கப்பிள்ளை பெண்சாதி வாசற்படி ஏறினாள் என்று பட்லர் முதல் தோட்டக்காரன்வரை வாயைப் பிளந்தார்கள். துரை வெளியே வந்தார். பல்லாக இருக்கலாம், லாடம் கட்டுகிற ஒருவரை வரவழைத்துப் பார்க்கலாம் என்றேன். குதிரைக்கு லாடம் கட்டுகிறவன் தன் மிருகத்தின் வாயில் கை வைக்கக் கூடாது என்றார். கொழும்பு மாட்டு டாக்டருக்கு எழுதினாராம், அவர் அடுத்த மாதம்தான் வருவாராம். அதுவரைக்கும் லயத்து மாடுகளை உயிரோடு விட்டால் துப்பாண்டிக்கும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார். கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். இராத்திரி பகலாகக் கொட்டிலில் முக்காலி போட்டு நெட்டச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தன் மிருகத்துக்கு அழுகிற மனுஷனுக்கு அடுத்தவள் மாட்டுக்கு அழத் தெரியவில்லை. அதுதான் என் ஆத்திரம்.

மாடு போனால் இன்னொன்று வரும் என்று எழுதினீர்கள். அதை அப்படியே வேலாயியிடம் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. "உங்க அண்ணன் மாடு வளத்ததில்லை போல, பாவம்" என்றாள்.

இனி கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன். பதினைந்தாம் திகதி விடியற்காலை, பெரட்டுக்கு முந்தி, பனி விலகாதபோதே வேலாயியும் இன்னும் மூன்று பெண்களும் மாடுகளை ஓட்டிக்கொண்டு பசறை வழியாகப் பதுளைக்கு வருகிறார்கள். உங்கள் சரக்குக் கிட்டங்கி முற்றம் ஒன்பது மாட்டுக்குத் தாராளமாகப் போதும். கதவைத் திறந்துவிடுங்கள். நான் வரவில்லை. நான் இங்கேயே நின்று நெட்டச்சியின் வாயைத் திறக்க வழி பார்க்க வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மலையேறப் போனாலும் மச்சினன் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க. நாம ஏறி வந்துட்டோம், மாடு இறங்கிப் போகட்டும். நான் ஒண்ணும் பாக்கலை" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் வேலை என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனால் போகட்டும்.

விசாலாட்சி.


உ
சிவமயம்

பதுளை,
மாசி மாதம் 11ஆம் திகதி.

விசாலாட்சிக்கு,

ஓட்டிக்கொண்டு வராதே. வந்தால் கதவு திறக்காது. ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொல்கிறேன், திறக்காது. கிட்டங்கி முற்றத்தில் செத்தல் மிளகாய் காய்கிறது. நான் மாட்டுப்பட்டி நடத்தவில்லை, பலசரக்குக் கடை நடத்துகிறேன்.

நீ யாரை எதிர்த்து நிற்கிறாய் என்று தெரிந்துதான் நிற்கிறாயா? ஒரு கடுதாசித் துண்டில் அவர் இரண்டு வரி எழுதினால் என் வண்டி உங்கள் மலைக்கு வராது. உன் புருஷன் சட்டிபானையோடு தெருவில் நிற்பான். இதையெல்லாம் யோசிக்காமல் முன்கோபத்தில் கிளம்புவது உனக்குப் பிறந்ததிலிருந்து வந்த வியாதி. ஐயா உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தார்.

வேலாயியிடம் சொல், நான் மாடு வளர்த்ததில்லைதான். ஒரு தங்கையை வளர்த்தேன். அதுவே போதும்.

குற்றாலலிங்கம்.

பின்குறிப்பு: இத்ரூஸ் ஏதோ குதிரை வேலையாகப் பதினைந்தாம் திகதி பசறைக்குப் போகிறாராம். பசறையிலிருந்து அவர் மேலே ஏறுகிறாரா கீழே இறங்குகிறாரா என்பது என் கவலை இல்லை. வழியில் குளிரும் என்று ஒரு கம்பளி கொடுத்தேன். வயசானவர்.


மடுல்சீமை,
மாசி மாதம் 18ஆம் திகதி.

அண்ணன் அவர்களுக்கு,

முதலில் ஒன்று கேட்கிறேன். மாடுகள் வந்து சேர்ந்தனவா? திறந்தீர்களா? வேலாயி இன்னும் திரும்பவில்லை. மூன்று நாளாக இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்தாம் திகதி காலை மாட்டுப்பட்டி வெறுமையாகக் கிடந்ததைத் துரை பார்த்தார். பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி மாடுகள் எங்கே என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கமாகக் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்கிற கங்காணிகூடத் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாதவர்களுக்கெல்லாம் பத்துச்சீட்டு, தோட்டத்தைவிட்டே போக வேண்டும் என்று துரை கத்தினார். அத்தனை பேரையும் அனுப்பினால் கொழுந்து யார் எடுப்பது என்று அவருக்கே தோன்றியிருக்கும். கத்திவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை இத்ரூஸ் நானா வந்தார், தோளில் குறட்டுப் பையும் உங்கள் கம்பளியுமாக. அதற்குள் நெட்டச்சி தண்ணீரும் குடிக்காமல் கழுத்தைத் தரையில் போட்டுவிட்டது. துரை துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மாட்டுக்காகக் கொண்டுவந்தது, இப்போது நெட்டச்சிக்குத்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"தொரை, எப்படியும் சுடத்தானே போறீங்க. சுடுறதுக்கு முந்தி ஒரு தடவை அது வாய்க்குள்ள பாத்தா உங்களுக்கு என்ன நட்டம்?" என்றேன்.

 அவர் துப்பாக்கியை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து, தானே நெட்டச்சியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இத்ரூஸ் நானா வாயைப் பிளந்து பார்த்ததும் பின்வாங்கினார். "இதுக்கு மேல்வாயில முன்பல்லே இல்லையே. எனக்கு முந்தி யாரோ வந்து புடுங்கிட்டுப் போயிட்டானே" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சாதிக்கு மாட்டைப் போல மேலே முன்பல் முளைக்காது, ஈறுதான் என்று துரைதான் விளக்கினார். குதிரை வாய் விரிகிற மாதிரி இது வாய் விரியவும் இல்லை. பெரிய குறடு உள்ளே போகவில்லை, சின்னது பிடிக்கவில்லை. கட்டையைக் குறுக்கே கொடுத்து, துரை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டோம். நானா முதலில் நல்ல பல்லை ஆட்டிப் பார்த்தார். நெட்டச்சி உதைத்த உதையில் என் கை நீலம் பாரித்துவிட்டது. அதற்கடுத்த கடைவாய்ப் பல் விரல் பட்டதுமே ஆடியது. அதைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தார். பல்லோடு சீழும் இரத்தமுமாகத் துரையின் சட்டைக் கைமுழுக்கக் கொட்டியது. அவர் அசையவில்லை.

குழிக்குள்ளிருந்து நானா விரலை விட்டு எடுத்தது என்ன தெரியுமா? சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கரும்புச் சிம்பு. தோலோடு, கறுத்துப்போய், ஈட்டி மாதிரி. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சாண் நூல். கழுவிப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் முறுக்கின நூல். நான் கட்டை அவிழ்க்காமல் ஆத்திரத்தில் அப்படியே ஒடித்துப் போட்டிருக்கிறேன். ஊரெல்லாம் விற்கிற நூல் என்றீர்களே. ஊரெல்லாம் விற்கிறதோ என்னவோ, நெட்டச்சி வாயில் நம் கடை நூல்தான் இருந்தது.

துரைக்கும் புரிந்துவிட்டது. மாட்டு நோய் இல்லை, கரும்பு. தன் மிருகத்துக்கு யாரும் எதுவும் போடக் கூடாது என்று உத்தரவு இருக்க, யார் போட்டது என்று கேட்டார். 

"நான்தான் போட்டேன். என் அண்ணன் எனக்கு அனுப்புன சீர் அது. அன்னைக்கு மாட்டுப் பொங்கல். கொட்டில்ல நிக்கிற ஒரு வாயை விட்டுட்டு மத்த வாய்க்குப் போட எங்களுக்குத் தெரியாது தொரை. வர்ற வருசமும் போடுவோம். தோலைச் சீவிப் போடுவோம்."

 அவர் என்னைப் பார்த்தார், நெட்டச்சியைப் பார்த்தார். அது பல் போன வாயை நக்கிக்கொண்டிருந்தது. வெந்நீர் கொண்டுவா என்று மட்டும் சொன்னார். உப்புப் போட்ட வெந்நீரில் குழியைக் கழுவினோம். தினமும் இரண்டு வேளை கழுவி, கஞ்சியும் இளம்புல்லும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் நானா. பிழைக்குமா என்று கேட்டதற்கு, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், தனக்குக் குதிரைதான் தெரியும் என்றார்.

மாடுகளைச் சுடப் போவதில்லை என்று துரை வாயால் சொல்லியிருக்கிறார். அதே வாயால் உங்கள் மாப்பிள்ளையை மேல் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே லயமும் ஒழுகும், அட்டையும் கடிக்கும். மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம். வருத்தமில்லை.

அந்த நெட்டைப் பிராணிக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை அண்ணே. உங்கள் மேலிருந்த கோபத்தைத்தான் ஒடித்துப் போட்டேன். அதன் வாயில் போய்க் குத்திவிட்டது. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

பல்லைக் கழுவிக் காயவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நூலும் அதிலேயே சுற்றியிருக்கிறது. உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

விசாலாட்சி.


உ
சிவமயம்

பதுளை,
மாசி மாதம் 21ஆம் திகதி.

சௌபாக்கியவதி விசாலாட்சிக்கு,

மாடுகள் இருக்கின்றன. ஒன்பதும் இருக்கின்றன. நன்றாகத் தின்கின்றன. என்னுடைய செத்தல் மிளகாயை மட்டும் தின்னவில்லை, மிதித்தன. ஒரு கன்று உன் மதினியின் சேலையை மென்றது. கடைவீதியே கைகொட்டிச் சிரிக்கிறது. இராமேஸ்வரத்துக்குக் கோதானம் ஏற்றுகிறீர்களா செட்டியாரே என்று எதிர்க்கடை மஹ்ரூப் கேட்கிறார்.

திறந்தேனா என்று கேட்கிறாய். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தெருவில் மாட்டு மணி கேட்டது. நான் கல்லாவைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். கிட்டங்கிக் கதவு கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால் முற்றமெல்லாம் மாடு. நடுவில் ஒருத்தி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்றேன்.

"உங்க தங்கச்சி சொல்லுச்சுங்க. அண்ணன் கதவைத் தொறக்க மாட்டாரு, ஆனா பூட்டவும் மாட்டாரு, தள்ளிப் பாருங்கன்னு" என்றாள்.

 வைக்கோல் வாங்க ஆள் அனுப்பினேன். அந்த நாலு பெண்களின் பாதத்தையும் பார்த்துவிட்டு உன் மதினி விளக்கெண்ணெய்யும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அட்டை கடித்த இரத்தம் காயவில்லை.

துரைக்கு விஷயம் எட்டிவிட்டது. நேற்று அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. முதல் வரி, மாடுகளைத் திருப்பி அனுப்பு. இரண்டாம் வரி, இந்த மாதத்தோடு உன் அரிசி வேண்டாம். நான் பயந்தது அப்படியே நடந்தது.  படித்ததும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு உன் பல்லுப் பொட்டலம் வந்தது. பிரித்தேன்.

ஆமாம், கரும்பு நான் அனுப்பியதுதான். நானே சந்தையில் நின்று பொறுக்கினேன், நானே கட்டினேன். பேர் போட்டால் நீ திருப்பி அனுப்புவாய், அது வண்டிக்காரன் முன்னால் எனக்கு அவமானம் என்று போடவில்லை. பேர் போடாததால் லாமா வாய்க்குப் போனது. தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீ சீராக வந்த கரும்பை மாட்டுக்குப் போட்டு, அதன் பல்லையும் பிடுங்கி அனுப்புகிறாய். உன்னைப்போல ஒரு வீம்புக்காரியை ஏழு கடலுக்கு அந்தப்பக்கமும் பார்க்க முடியாது. அந்த வீம்பு எனக்கு மட்டும் இல்லையா என்று உன் மதினி கேட்கிறாள். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டேன்.

துரைக்குப் பதில் எழுதிவிட்டேன். அரிசி வேண்டாமென்றால் சரி. ஐயா இந்தக் கடையைத் திறந்தபோது மடுல்சீமையில் எந்தத் துரை இருந்தான் என்று அவருக்குத் தெரியாது. கடை அப்போதும் நடந்தது, இனியும் நடக்கும். வண்டியை வெலிமடைப் பக்கம் திருப்பப் போகிறேன். அடுத்தது மாடு. சுட மாட்டேன் என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் என் முற்றத்திலிருந்து ஒரு வாலும் வெளியே வரும், வாய்ச்சொல் போதாது என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கை லேசாக இருந்தது. வியாபாரம் பழகிய நாளிலிருந்து ஒரு துரைக்கும் நான் அப்படி எழுதியதில்லை.

கையெழுத்து வந்ததும் மாடுகளோடு நானும் வருவேன். பசறை வரைக்கும்தான். அதற்கு மேல் ஏற மாட்டேன்.

மேல் பிரிவு லயம் ஒழுகுமென்றால் மாப்பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஒரு தார்ப்பாய் அனுப்புகிறேன். இதில் பேர் போட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்,
குற்றாலலிங்கம்.


மடுல்சீமை, மேல் பிரிவு,
சௌமிய வருஷம் தை மாதம் 3ஆம் திகதி.

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் மதினியும் நலமா?

துரையின் கையெழுத்து வந்தபோது, பசறை வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசல்வரை வந்தவர், ஒரு கோப்பித் தண்ணியோடு திரும்பிவிட்டீர்கள் என்று உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் குறை. வருஷம் ஒன்று ஆகப்போகிறது. பேர் கூப்பிடும்போதும் முணுமுணுக்கிறார். அடுத்த முறை சாப்பிடாமல் போக முடியாது.

வேலாயியின் செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அதற்குக் கிட்டங்கி என்று பேர் வைத்திருக்கிறாள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உங்கள் வெலிமடை வண்டி நன்றாக ஓடுகிறது என்று இத்ரூஸ் நானா சொன்னார். எங்கள் துரை இன்னும் வேறு கடை அரிசிதான் வாங்குகிறார். அதில் கல் இருக்கிறது, எல்லோரும் உங்களை நினைத்துக்கொண்டு பொறுக்குகிறோம்.

நெட்டச்சி இருக்கிறது. தாடையில் புடைப்பு முழுக்க வற்றவில்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் எச்சில் வடியும். இரண்டு தரம் திரும்பவும் சீழ் கட்டி, கழுவிக் கழுவி ஆறியது. தேயிலைப் பெட்டி தூக்க மாட்டேன் என்று படுத்துக்கொள்கிறது. துரையும் பழக்குவதை விட்டுவிட்டார், தவள மாடுதான் திரும்பவும் பசறைக்கு இறங்குகிறது.

நேற்று மாட்டுப் பொங்கல். நான் துரையிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. கரும்பைத் தோல் சீவி, கணுவை நீக்கி, விரற்கடைத் துண்டாக நறுக்கி, ஒரு சுளகில் எடுத்துக்கொண்டு மேலிருந்து இறங்கிப் போனேன். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூட வந்தார்கள். துரை கொட்டில் வாசலில் நின்றார். போகாதே என்று சொல்லவில்லை. சுளகிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார், சிம்பு இருக்கிறதா என்று. பிறகு விலகி வழிவிட்டார். துப்பாண்டி அவர் கோட்டில் துப்பியது. அல்பாக்காக் கோட்டு.

நீங்கள் அனுப்பிய சீர் வந்து சேர்ந்தது. பொங்கப்பானை, மஞ்சள் கொத்து, பச்சரிசி, எல்லாவற்றுக்கும் மேலே கரும்புக் கட்டு. கட்டில் ஒரு தகரத்தில் ஆணியால் குத்தி எழுதியிருந்தீர்கள், பதுளை குற்றாலலிங்கம் தன் தங்கை விசாலாட்சிக்கு என்று. வண்டிக்காரர் அதை லயம் முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

நூலை அவிழ்த்துப் பத்திரமாக வைத்தேன். மாட்டுக்குச் சீவினது பிறகுதான். முதல் கரும்பை நான் தின்றேன். வாசற்படியில் உட்கார்ந்து, தோலோடு, பல்லாலேயே உரித்து, அடி முதல் நுனிவரை ஒருவருக்கும் கொடுக்காமல் தின்றேன்.

இடது கடைவாய்ப் பல் ஒன்று நேற்றிலிருந்து வலிக்கிறது. இத்ரூஸ் நானாவை அனுப்பிவிடாதீர்கள். இந்த வலி இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
விசாலாட்சி.